கல்லாப்பெட்டி காலி, தெருவிளக்கு எரிய வேண்டும்!

பொருளாதார மந்தம் வந்தால் ஒரு மாநகரம் எப்படிக் குடித்தனம் நடத்துகிறது? திருச்சியும் ஸ்ரீரங்கமும் காட்டும் கணக்கு

2020-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 2-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. ஆடிப்பெருக்கு.

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் அன்று எள் விழ இடம் இருந்திருக்கக் கூடாது. மேட்டூர் அணையை அந்த வருஷம் குறித்த நாளான ஜூன் 12-ந் தேதியே திறந்து விட்டார்கள். காவிரியில் தண்ணீர் வந்து விட்டது. கரையில்தான் ஆள் இல்லை. கொரோனா ஊரடங்கு, அதிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் முழு ஊரடங்கு. தாலிச் சரடு மாற்றிக்கொள்ளப் புதுப்பெண்கள் வரவில்லை. காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு விற்பவர்கள் கூடையை இறக்கவில்லை. சித்திரான்னப் பொட்டலத்தைப் பிரிக்க ஒரு குடும்பமும் இல்லை. காவிரித் தாய் தன் பாட்டுக்குத் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள்.

பக்தர்களுக்கு வருத்தம், வியாபாரிகளுக்கு நஷ்டம். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த வெறிச்சோடிய படித்துறையால் கை நஷ்டப்பட்ட இன்னொரு குடும்பஸ்தரும் உண்டு. அவர் பெயர் திருச்சிராப்பள்ளி மாநகராட்சி.

ஒரு மாநகராட்சியைக் குடும்பஸ்தர் என்று சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம். சம்பாத்தியம் நாலு இடத்திலிருந்து வருகிறது. செலவு தினமும் வாசலில் வந்து நிற்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். வருமானம் குறைந்தால் குடும்பஸ்தர் இரண்டு கறியை ஒரு கறியாக்குவார். தீபாவளிக்குப் புதுத் துணி வேண்டாம் என்பார். மாநகராட்சிக்கு அந்த வசதி இல்லை. குப்பையை அள்ளாமல் விட முடியாது. கம்பரசம்பேட்டையில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை நிறுத்த முடியாது. தெருவிளக்கை அணைக்க முடியாது. தொற்று நோய்க் காலத்திலோ செலவு கூடிற்றே தவிரக் குறையவில்லை. ஜனங்கள் வீட்டுக்குள் இருந்த நாட்களிலும் துப்புரவுத் தொழிலாளர்கள் தெருவில்தான் இருந்தார்கள். கிருமிநாசினி தெளிக்க வேண்டும்; காய்ச்சல் முகாம் நடத்த வேண்டும்; இட்லி ஒரு ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்று விற்கும் அம்மா உணவகங்களில் அடுப்பு எரிய வேண்டும். அந்த விலையில் அரிசி, பருப்புச் செலவு கட்டி வராது என்பதைச் சொல்லத் தேவையில்லை. துண்டு விழுவதை மாநகராட்சிதான் ஈடு செய்ய வேண்டும்.

அறுவடை வாரத்தில் இடி

ஊரடங்கு வந்த தேதியைக் கவனித்தால் கஷ்டத்தின் கனம் புரியும். 2020 மார்ச் 25. வரவு செலவு வருஷம் முடிய ஆறு நாள் இருக்கிறது.

நகரசபைகளுக்கு மார்ச் மாதக் கடைசி வாரம் என்பது தஞ்சாவூர் மிராசுதாருக்குத் தை மாதம் மாதிரி. வருஷமெல்லாம் நாளை, நாளை என்று தள்ளிப் போட்டவர்கள் வந்து வரி கட்டும் வாரம் அது. பில் கலெக்டர்கள் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் தெருத் தெருவாகச் சுற்றுவார்கள். வசூல் மையங்கள் இரவிலும் திறந்திருக்கும். அந்த வாரத்தில் கதவைச் சாத்தியாகி விட்டது. சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும் கட்ட மூன்று மாதம், அதாவது ஜூன் 30 வரை, ராஜ்ய சர்க்கார் அவகாசம் கொடுத்தது. நியாயமான சலுகைதான். ஆனால் சம்பளப் பட்டுவாடாவுக்கு யாரும் மூன்று மாதம் அவகாசம் கொடுக்கவில்லை.

அதே மார்ச் மாதத்தில்தான் ஏலங்களும் நடக்கும். வண்டி நிறுத்துமிடம், மார்க்கெட் சுங்கம், கட்டணக் கழிப்பிடம் முதலியவற்றை ஏப்ரல் முதல் மறு மார்ச் வரை குத்தகைக்கு விடுவது வழக்கம். பஸ் நிலையத்துக்குப் பஸ்ஸே வரவில்லை என்றால், ஏலம் எடுத்தவர் யாரிடம் போய் வசூல் செய்வார்? பஸ் நிலையத்துக் கடைக்காரர் எதை விற்று வாடகை கட்டுவார்? உள்ளாட்சிக் கடைகளுக்கு இரண்டு மாத வாடகையைத் தள்ளுபடி செய்யும்படி சர்க்கார் உத்தரவிட்டது. கடைக்காரர்கள் அது போதாது என்றார்கள். வியாபாரமே நடக்காத மாதங்களை எண்ணினால் அவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் தள்ளுபடியான ஒவ்வொரு ரூபாயும் மாநகராட்சிப் பெட்டியிலிருந்து போன ரூபாய் என்பதும் உண்மை.

காந்தி மார்க்கெட்டுக்குப் பூட்டு

திருச்சியின் வயிறு காந்தி மார்க்கெட். ஊர் தூங்கும் நேரத்தில் லாரிகள் வந்து நிற்கும். விடிவதற்குள் வெங்காயமும் வாழைத்தாரும் கைமாறி விடும். சுமை தூக்குவோர், தள்ளுவண்டிக்காரர், டீக்கடைக்காரர், தரையில் சாக்கு விரித்துக் கீரை விற்கும் பாட்டி என்று ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அதுதான் படி அளக்கிறது.

2020 மார்ச் இறுதியில் அதற்குப் பூட்டுப் போட்டார்கள். மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குப் போயிற்று. அது ரயில்வே இடம். சில்லறை வியாபாரம் ஊரெங்கும் சிதறிற்று. மழை பெய்தால் மைதானம் சேறு. வெயில் அடித்தால் காய்கறி வாடல். ஊரடங்கு தளர்ந்த பிறகாவது திறப்பார்கள் என்று வியாபாரிகள் காத்திருந்தார்கள். ஆனால் பழைய வழக்கு ஒன்று குறுக்கே நின்றது. மணிகண்டம் பக்கத்தில் கள்ளிக்குடியில் புது மார்க்கெட் கட்டி 2017-லேயே திறந்தாகி விட்டதே, அங்கே போக வேண்டியதுதானே என்பது ஒரு கட்சி. ஊரை விட்டு அத்தனை தூரம் போனால் வியாபாரம் செத்து விடும் என்பது மறு கட்சி. ஐகோர்ட்டின் மதுரைக் கிளை விதித்திருந்த தடை நீங்கி, நவம்பர் மாத இறுதியில்தான் காந்தி மார்க்கெட்டின் கதவு திறந்தது. எட்டு மாதம்! கீரைக்காரப் பாட்டிக்கு அது எட்டு மாதப் பட்டினி. மாநகராட்சிக்கு எட்டு மாதச் சுங்கமும் வாடகையும் கேள்விக்குறி.

ஸ்ரீரங்கத்தின் கதையும் இதுவே. மார்ச் மாதம் சாத்திய கோவில் பக்தர்களுக்குத் திறந்தது செப்டம்பர் 1-ந் தேதி. 156 ஏக்கர் பரப்புள்ள கோவில். உள்ளே உத்தர வீதியும் சித்திரை வீதியுமாக ஒரு ஊரே அடங்கியிருக்கிறது. வழிபாட்டு ஸ்தலத்துக்குச் சொத்து வரி கிடையாது. ஆகவே ரங்கநாதரால் மாநகராட்சிக்கு நேர் வருமானம் இல்லை. அவரைப் பார்க்க வருகிறவர்களால்தான் வருமானம். தங்கும் விடுதி, ஓட்டல், பூக்கடை, பாத்திரக் கடை, ஆட்டோ எல்லாம் அந்தக் கூட்டத்தை நம்பியவை. அவர்கள் கட்டும் வரியையும் வாடகையையும் நம்பியது நகரம். ராஜகோபுரத்தின் நிழலில் கூட்டம் இல்லை என்றால், நிழல் கோபுரத்தோடு நிற்காமல் கணக்குப் புத்தகம் வரை நீளும்.

முன்பு ஸ்ரீரங்கத்துக்குத் தனிப் பை இருந்தது. திருச்சி நகரசபை 1866-ல் பிறந்தது; ஸ்ரீரங்கம் நகரசபை 1871-ல். 1994 ஜூன் 1-ந் தேதி இரண்டையும் பொன்மலை நகரசபையையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். எங்கள் ஊர் வரி எங்கள் ஊருக்கே என்று இருந்த காலம் போயிற்றே என்று ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் இன்னும் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. அந்தக் குறையில் நியாயம் இருக்கலாம். ஆனால் 2020-ல் ஸ்ரீரங்கம் தனி நகரசபையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரே கோவிலை நம்பிய ஊர், அந்தக் கோவில் ஐந்து மாதத்துக்கு மேல் அடைத்துக் கிடந்தால், தெருக் கூட்டவே கை ஏந்தியிருக்கும். தில்லைநகர் வீட்டு வரியும் பெரிய கடைவீதியின் கடை வரியும் கூட்டுப் பையில் இருந்ததால் பிழைத்தது.

எந்த வரி தாங்கும்?

மந்த காலத்தில் எல்லா வருமானமும் ஒரே மாதிரி விழுவதில்லை.

குத்தகையும் வாடகையும் உடனே விழும். சினிமா மேல் உள்ள கேளிக்கை வரியும் அப்படித்தான். 2020 மார்ச் மாதம் மூடிய தியேட்டர்கள் நவம்பர் 10-ந் தேதி வரை திறக்கவில்லை. வீடு, மனை விற்பனை படுத்தால் பத்திரப் பதிவின் மேல் நகருக்குக் கிடைக்கும் பங்கும் படுக்கும்.

சொத்து வரி அப்படி அல்ல. வீட்டுக்காரருக்குச் சம்பளம் வந்தாலும் வராவிட்டாலும் வீடு அங்கேயே இருக்கிறது. வரியும் அதே வரிதான். கட்டாவிட்டால் பாக்கியாக ஏறும், மறையாது. இந்தக் குணத்தால்தான் உலகமெங்கும் நகரங்கள் வீட்டு வரியை நம்பி வாழ்கின்றன. தொழில் வரி இரண்டுங்கெட்டான். பொன்மலை ரயில்வே தொழிற்சாலை, பாங்கி, கல்லூரி, சர்க்கார் ஆபீஸ் ஊழியர்களிடம் சம்பளத்திலேயே பிடித்து விடுவதால் அந்த மட்டும் குறையாது; கடைக்காரரிடம் வரவேண்டியது குறையும். அதிலும் ஒரு வேடிக்கை. தொழில் வரி வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று அரசியல் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. அந்த வரம்பு 1988-ல் வந்தது. அன்று 2,500 ரூபாய் என்றால் பெரிய உத்தியோகஸ்தரின் மாதச் சம்பளம். இன்று?

அடுத்தது ராஜ்ய சர்க்காரின் பங்கு. தன் சொந்த வரி வருமானத்தில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது தமிழ்நாட்டு ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. ஆனால் பெரிய அண்ணனின் சட்டைப்பை கிழிந்தால் தம்பிக்கும் காசு குறையும். 2020-21-ல் சுமார் 1,33,500 கோடி ரூபாய் சொந்த வரி வரும் என்று ராஜ்ய பட்ஜெட் எதிர்பார்த்தது. வந்தது ஏறக்குறைய 1,06,000 கோடி. முந்திய வருஷத்தை விடவும் கொஞ்சம் குறைவு. 27,000 கோடி குறைந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு எவ்வளவு என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்த வருஷம் ஏப்ரல் முதல் ஜூன் வரை இந்தியாவின் மொத்த உற்பத்தியே கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வீழ்ந்தது.

மந்தம் எப்போதும் வெளியூரிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. திருவெறும்பூரில் 1965-ல் எழுந்த பாய்லர் தொழிற்சாலையைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்தன. நாட்டில் புது அனல் மின் நிலையங்களுக்கு ஆர்டர் குறைந்தபோது, கொரோனாவுக்குச் சில வருஷங்கள் முன்பே, அவற்றில் பல பட்டறைகளில் வெல்டிங் பொறி பறப்பது நின்றது. பாங்கிக் கடன், வட்டி, பூட்டு. பட்டறை வேலையாள் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போனால், மளிகைக் கடை முதல் வீட்டு வரி வரை அது தொடும். இதை யாரும் பெரிய எழுத்தில் போடவில்லை.

மூன்று உண்டியல்

பணமே இல்லையென்றால், திருச்சியில் அந்த வருஷங்களில் இத்தனை கட்டட வேலை எப்படி நடந்தது? இந்தக் கேள்வியை ஊரில் பலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

தமிழ்நாட்டு நகராட்சிகளில் பணம் மூன்று உண்டியல்களில் இருக்கும். பொதுச் செலவுக்கு வருவாய் நிதி. குடிநீருக்கும் வடிகாலுக்கும் ஒரு நிதி. ஆரம்பக் கல்விக்கு ஒரு நிதி. ஒன்றில் உள்ளதை எடுத்து நினைத்தபடி இன்னொன்றில் போட முடியாது. இதற்கு மேல் மத்திய, ராஜ்ய சர்க்கார்கள் திட்டத்துக்கென்று கொடுக்கும் பணம். 2017 ஜூன் மாதம் திருச்சியை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்த்தார்கள். மத்திய சர்க்கார் 500 கோடி, ராஜ்யம் 500 கோடி என்பது அதன் ஏற்பாடு. அந்தப் பணத்தில் பஸ் நிலையம் கட்டலாம், பூங்கா போடலாம். துப்புரவுத் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. பத்து லட்சம் ஜனத்தொகையைத் தாண்டிய நகர்த் தொகுதி என்பதால் பதினைந்தாவது நிதிக் கமிஷனின் மானியமும் திருச்சிக்கு உண்டு. அதுவும் காற்று மாசு, குடிநீர், சுகாதாரம் என்று காரியத்துக்குக் கட்டுப்பட்டது.

மாமனார் சீதனமாகக் கொடுத்த கார் வாசலில் நிற்கிறது. பெட்ரோல் போடக் காசு இல்லை! மாப்பிள்ளையின் அந்த நிலைதான் மாநகராட்சியின் நிலை. புதுக் கட்டடம் எழும். அதைக் கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும், விளக்குக்கு மின்சாரம் வேண்டும். அந்தச் செலவு பொது நிதியின் தலையில்.

இதில் ஒன்றைப் பாராட்ட வேண்டும். பஞ்சப்பூரில் 2.4 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஒன்றைத் திட்டப் பணத்தில் போட்டார்கள். மின்சார பில் மாநகராட்சியின் தீராத தலைவலி. தமிழ்நாட்டு உள்ளாட்சிகள் மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் வைத்திருந்த பாக்கியைப் பற்றி 2021 ஆகஸ்டில் ராஜ்ய சர்க்கார் வெளியிட்ட வெள்ளை அறிக்கையே குறை சொல்லிற்று. தினசரிச் செலவைக் குறைக்கும் மூலதனச் செலவு என்றால் அதுதான் சரியான செலவு. அழகு நீரூற்றுகளை விட ஒரு சூரியத் தகடு மேல்.

யார் வயிற்றில் அடிப்பது?

உலகில் மற்ற நகரங்கள் என்ன செய்தன? அமெரிக்காவில் 2020 வசந்த காலத்தில் உள்ளாட்சி வேலையிலிருந்து பத்து லட்சம் பேருக்கு மேல் குறைந்தார்கள். அதே நாட்டில் டெட்ராய்ட் நகரம் 2013-ல் கோர்ட்டுக்குப் போய்ப் பகிரங்கமாக மஞ்சள் கடுதாசி கொடுத்தது. நம் நகரங்கள் திவாலாவதில்லை. அதற்கு அவற்றின் கெட்டிக்காரத்தனம் காரணமல்ல. சர்க்கார் அனுமதி இல்லாமல் கடன் வாங்க முடியாது என்று 1914-ம் வருஷச் சட்டமே கட்டிப் போட்டிருப்பதுதான் காரணம்.

கடன் வாங்க முடியாதவர் என்ன செய்வார்? தள்ளிப் போடுவார். காண்டிராக்டர் பில் காத்திருக்கும். சாலைக் குழி அடுத்த மழைக்கும் இருக்கும். ஓய்வு பெற்றவர் இடத்தில் ஆள் போட மாட்டார்கள். அந்த வேலையைச் செய்யத் தினக் கூலிக்கு ஒருவர் வருவார்.

அகவிலைப்படியிலும் கை வைத்தார்கள். 2020-ல் ராஜ்ய சர்க்கார் அகவிலைப்படி உயர்வை நிறுத்தி வைத்தது. பழைய கணக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. 1931-ல், உலகப் பெரு மந்தத்தில், இந்திய சர்க்கார் தன் உத்தியோகஸ்தர்களின் சம்பளத்தில் 10 சதவீதத்தை வெட்டியது. அப்போது காவிரி டெல்டாவில் நெல் விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்திருந்தது. விலைவாசி இறங்கிய காலத்தில் சம்பளத்தை வெட்டினால் ஓரளவு தாங்கலாம். 2020-ல் விலைவாசி இறங்கவில்லை.

எல்லா மந்தத்திலும் வெட்டு விழும் என்றும் சொல்ல முடியாது. 2008 செப்டம்பரில் அமெரிக்க பாங்கிகள் சரிந்து உலகம் தடுமாறியபோது, திருச்சியில் அதற்கு முன் ஏப்ரலில்தான் சொத்து வரியை மாற்றி அமைத்திருந்தார்கள். பிறகு 2009 ஜூனில் புதிய சம்பள விகிதம் வந்தது. கூடி வந்த வரியைக் கூடிய சம்பளம் சாப்பிட்டு விட்டது.

சபையில் ஆள் இல்லை

2020-ம் வருஷத்துக் கஷ்டத்தில் எல்லாவற்றையும் விடக் கொடுமை வேறு ஒன்று. எதை வெட்டுவது, எதை விடுவது என்று வாதாட ஒரு கவுன்சிலர்கூடத் திருச்சியில் இல்லை. 2016 அக்டோபரில் பழைய சபையின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ந் தேதி. ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அதிகாரி ஆட்சி. பட்ஜெட்டைத் தயாரிப்பவரும் அவரே, ஏற்பவரும் அவரே. அதிகாரிகள் அந்த நோய்க் காலத்தில் இரவு பகலாக உழைத்ததை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தன் தெருவில் சாக்கடை அடைத்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் ஜனங்கள் ஐந்து வருஷம் இருந்தார்கள்.

2022 மார்ச் 4-ந் தேதி மு. அன்பழகன் மேயராகப் பதவி ஏற்றார். மாலை வாடுவதற்குள் சொத்து வரி உயர்வு உத்தரவு வந்து சேர்ந்தது! 14 வருஷத்துக்குப் பிறகு வந்த பொது உயர்வு. சென்னைக்கு வெளியே உள்ள நகரங்களில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம். 1,200 வரை 50. 1,800 வரை 75. அதற்கு மேல் 100. சொத்து வரியை ஒழுங்கு செய்யாத நகரத்துக்கு மானியம் இல்லை என்று நிதிக் கமிஷன் சொல்லி விட்டதைச் சர்க்கார் காரணம் காட்டியது. நோயிலிருந்து எழுந்து இப்போதுதான் கஞ்சி குடிக்கிறவனிடம் கடனைக் கேட்பதா என்று எதிர்க்கட்சியினர் கேட்டார்கள்.

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். தப்பு 2022-ல் நடந்ததல்ல. வியாபாரம் கொழித்த வருஷங்களில் ஐந்துக்கும் பத்துக்கும் சிறுகச் சிறுக ஏற்றியிருந்தால், மந்தத்தின் மறுநாள் ஒரேயடியாக ஏற்ற வேண்டிய அவசியம் வந்திராது. நல்ல காலத்தில் ஓட்டுக்கு அஞ்சி ஏற்றாத வரி, கெட்ட காலத்தில் வந்து கழுத்தைப் பிடித்தது.

இப்போது அதற்கும் ஒரு மாற்று வந்திருக்கிறது. 2024 முதல் சொத்து வரி வருஷத்துக்கு 6 சதவீதம் தானாக ஏறும். ராஜ்யத்தின் பொருளாதார வளர்ச்சி ஐந்து வருஷச் சராசரியில் அதைவிடக் கூடுதல் என்றால் கூடுதலே கணக்கு. ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் மாதத்துக்குள் கட்டுகிறவருக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், சலுகை. ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில் பென்ஷனில் காலம் தள்ளும் பெரியவர்களுக்கு இந்தச் சலுகைத் தேதிகள் ஏகாதசி மாதிரி மனப்பாடம்.

வளர்ச்சி கூடினால் வரி கூடும் என்று விதி சொல்கிறது. வளர்ச்சி விழுந்தால்? அப்போதும் 6 சதவீதம் உண்டு. அடுத்த முறை அம்மா மண்டபத்துப் படித்துறை வெறிச்சோடினால், அந்த வருஷமும் பூக்கடைக்காரர் வீட்டு வரிச் சீட்டில் ஆறு சதவீதம் ஏறியே வரும்.